ஒளி பட்டால் திரும்பும் காந்தம்: கரண்ட் எங்கே மிச்சமாகிறது?

3 ஜூன் 2025 – கேள்வி (தக்கலை வாசகர்)

ஒற்றை அடுக்கு கனமே உள்ள ஏதோ பொருளில் லேசர் அடித்து ஸ்பின்னைத் திருப்புகிறார்களாம். கரண்டே வேண்டாமாம். இனி போனுக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நம்பலாமா? இதில் கைவைத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

நம்ப வேண்டாம். போன் பேட்டரியில் பெரும்பங்கைத் தின்பது திரை, டவரோடு பேசும் ரேடியோ, அப்புறம் பிராசஸர். குலசேகரத்துக்கு மேலே மலைப்பக்கம் போனால் பேட்டரி சீக்கிரம் தீர்வது, டவரைத் தேடித் தேடிப் போன் களைப்பதால். அதற்கு ஸ்பின்னில் மருந்து கிடையாது.

வீடியோவில் சொன்ன ஆராய்ச்சி பொய்யில்லை. அங்கிருந்து சார்ஜருக்குத் தாவியதுதான் பொய். நான் சில வருடம் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் இந்தப் பொருட்களை உரித்துக்கொண்டு இருந்தவன். இப்போது மார்த்தாண்டம் பக்கம் பாடம் எடுக்கிறேன். நாளை உட்கார்ந்து எழுதுகிறேன்.

4 ஜூன்

சரி. மிச்சம் எங்கே வர முடியும் என்று பார்ப்போம்.

கம்ப்யூட்டரிலும் போனிலும் உள்ள டிரேம் நினைவகம் ஒவ்வொரு பிட்டையும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். நீங்கள் தூங்கினாலும் இந்த வேலை நடக்கும். ஒரு போனில் இது சில்லறைச் செலவு. ஆயிரக்கணக்கான சர்வர் அடுக்கி வைத்த கட்டடத்தில் இது தனிக் கணக்கு.

காந்தத்தில் எழுதினால் இந்தச் செலவே கிடையாது. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதுபோல ஸ்பின் என்ற பண்பும் உண்டு. அளந்தால் மேல் அல்லது கீழ், இரண்டில் ஒன்றுதான் வரும். இரும்பில் இந்த ஸ்பின்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்ப்பதால்தான் அது காந்தமாகிறது. 1988ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டது இது: மெல்லிய காந்த அடுக்குகளை இடையில் காந்தமில்லாத அடுக்கு வைத்து அடுக்கினால், காந்தங்கள் ஒரே திசை பார்க்கும்போது மின்தடை குறைகிறது, எதிரெதிர் பார்க்கும்போது கூடுகிறது. 1997ல் ஹார்டு டிஸ்க் படிக்கும் தலைக்குள் அது வந்துவிட்டது. நோபல் வந்தது 2007ல்.

அதே குடும்பத்தில் வந்ததுதான் எம்ரேம் என்ற நினைவகச் சில்லு. கடையில் கிடைக்கிறது, கரண்ட் போனாலும் மறக்காது. அதன் பலவீனம் எழுதும் நேரத்தில் தெரியும். 1996ல் ஸ்லான்செவ்ஸ்கியும் பெர்ஜரும் சொன்ன வழிப்படி, ஸ்பின் ஒரு பக்கம் சாய்ந்த மின்னோட்டத்தைக் காந்தத்தின் வழியாகவே தள்ளி அதைத் திருப்புகிறார்கள். நிறைய மின்னோட்டம் வேண்டும். வைத்திருக்கச் செலவில்லை, மாற்றத்தான் செலவு. ஒளியைக் கொண்டுவரும் ஆசை இங்கேதான் பிறக்கிறது: கம்பி தொடாமல், மின்னோட்டம் பாய்ச்சாமல் திருப்ப முடியுமா?

4 ஜூன், கொஞ்சம் கழித்து

"ஆரல்வாய்மொழியில் ஜூன் மாசக் காற்று இருக்கும்போது கரண்டை ஏன் அண்ணாச்சி மிச்சம் பண்ணணும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். சர்வர் கட்டடத்தைத் தூக்கிக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் வையுங்கள், இந்தக் கேள்வி பதில் இழையை மூடிவிடலாம்.

6 ஜூன்

இப்போது இரு பரிமாணப் பொருள்.

வாழைத்தண்டைப் பட்டை பட்டையாக உரிப்பதுபோல உரிந்து வரும் படிகங்கள் சில உண்டு. ஒரு அடுக்குக்குள் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பு மிகவும் தளர்வு. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் அப்படி. 2004ல் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பை வைத்து அதிலிருந்து ஒற்றை அடுக்கைப் பிரித்தார்கள். அதுதான் கிராஃபீன், 2010ல் நோபல்.

நம் கதைக்கு நாயகன் கிராஃபீன் இல்லை, மாலிப்டினம் டைசல்ஃபைடு. கிரீஸில் கலக்கும் கறுப்புப் பொடி. கட்டியாக இருக்கும்போது ஒளியைச் சரியாக உமிழாது. ஒற்றை அடுக்காக, சுமார் 0.65 நானோமீட்டர் கனத்துக்கு வந்ததும் அதன் மின்னணு அமைப்பே மாறி, சிவப்பாக ஒளிர்கிறது. 2010ல் இரண்டு குழுக்கள் காட்டின. நானும் முதல்முறை அந்த ஒளிர்வைக் கணினித் திரையில் பார்த்தபோது அளவு தவறு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் கிடந்த தடித்த துண்டு கம்மென்று இருக்க, கண்ணுக்கே தெரியாத துண்டு பளிச்சென்று இருந்தது.

அதைவிட வினோதம் அடுத்தது. இந்த ஒற்றை அடுக்கில் எலக்ட்ரான்கள் தங்குவதற்கு இரண்டு ஆற்றல் பள்ளத்தாக்குகள் உண்டு. ஆழம் ஒன்றே. ஆனால் வலம் சுற்றும் வட்ட முனைவாக்க ஒளி (மின்புலம் திருகுபோலச் சுழன்றபடி போகும் ஒளி) விழுந்தால் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் எலக்ட்ரான் கிளம்பும். இடம் சுற்றும் ஒளி விழுந்தால் மற்றதில். டங்ஸ்டன், மாலிப்டினம் கனமான அணுக்கள் என்பதால் எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லிவிட்டாலே ஸ்பின் மேலா கீழா என்பதும் முடிவாகிவிடுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டங்ஸ்டன் டைசெலினைடில் இரண்டு ஸ்பின்னுக்கும் இடையே உள்ள ஆற்றல் பிளவு 0.4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அறை வெப்பத்தின் ஆற்றல் 0.025தான், இந்தப் பிளவைத் தாண்ட அது போதாது. 2012ல் ஒரே வருடத்தில் மூன்று குழுக்கள் இந்தத் தேர்வை ஒளிர்வில் பார்த்தன.

ஆக, காந்தமே இல்லாத ஒரு பொருளில், காந்தப்புலமே இல்லாமல், ஒளியின் சுற்று திசையை மாற்றி ஸ்பின்னைத் தேர்ந்தெடுக்கலாம். ஒளியின் முனைவாக்கத்தை மாற்றும் ஒரு ஒளித்தட்டைத் திருப்பினால் போதும். எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒளிக்கும் ஸ்பின்னுக்கும் உள்ள இந்த உறவு புதிதில்லை. ஒளித்துகளான ஃபோட்டானுக்கு ஸ்பின் உண்டு என்பதற்குச் சோதனை ஆதாரம் காட்டி 1931ல் சர் சி. வி. ராமனும் பகவந்தமும் கட்டுரை எழுதினார்கள். 1936ல் பெத் என்ற இயற்பியலாளர், ஒளித்தட்டு ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, வட்ட முனைவாக்க ஒளி அதைத் திருகுவதை அளந்தே காட்டினார்.

7 ஜூன்

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு மாணவி கேட்டது: "வட்ட முனைவாக்கம் படத்தில் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை சார்."

மக்களே, படத்தை விடு. சினிமா தியேட்டரில் கொடுக்கும் 3டி கண்ணாடி வீட்டில் கிடக்கிறதா? அதைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நில். ஒரு கண்ணை மூடு. திறந்திருக்கும் கண்ணுக்கு முன்னால் உள்ள வில்லை கறுப்பாகவும், மூடிய கண் தெளிவாகவும் தெரிந்தால் உன் கையில் இருப்பது வட்ட முனைவாக்க வகை. உன் கண் பக்கத்திலிருந்து வெளியே போகும் ஒளி வலம் சுற்றிப் போகிறது என்று வைத்துக்கொள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அது இடம் சுற்றுவதாக மாறிவிடுகிறது. அதே வில்லைக்குள் அதனால் திரும்ப நுழைய முடியாது. பழைய நேர்கோட்டு முனைவாக்க வகைக் கண்ணாடியில் இது தலைகீழ்: திறந்த கண் தெரியும், மூடிய கண் இருக்கும் வில்லை கறுப்பாகும்.

இதைச் செய்து பார்த்துவிட்டு 6ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படி.

7 ஜூன், மாலை

குளச்சல்காரர் ஒருவர் இதற்குள் வந்து, "ஒளி எந்தப் பக்கம் சுத்துதுன்னு மனுசன் கண்ணுக்குத் தெரியலையே, வேற எதுக்குத் தெரியும்?" என்கிறார். உங்கள் வலையிலேயே வரும். மீனோடு சேர்ந்து வரும் அந்த முன்னங்கால் மடக்கிய, விரலைப் போட்டால் அடித்துக் கிழிக்கும் இறால் மாதிரிப் பிராணி இருக்கிறதே, மாண்டிஸ் ஷ்ரிம்ப். அந்தக் கூட்டத்தில் ஒரு வகைக்கு வலம் சுற்றும் ஒளியும் இடம் சுற்றும் ஒளியும் வேறுவேறாகத் தெரியும் என்று 2008ல் காட்டியிருக்கிறார்கள். நேர்கோட்டு முனைவாக்கத்தை வட்டமாகவும் வட்டத்தை நேர்கோடாகவும் மாற்ற நாங்கள் விலை கொடுத்து வாங்கும் கால் அலைத் தட்டின் வேலையை அதன் கண்ணுக்குள் இருக்கும் ஒரு செல் செய்கிறது. அதுவும் எங்கள் தட்டைவிட அதிக நிறங்களுக்கு ஒரே சீராக.

அதைக் கரையில் கழித்துப் போடுகிறோம். விஷயத்துக்கு வருவோம்.

9 ஜூன்

பள்ளத்தாக்கில் ஸ்பின்னை உருவாக்கியாச்சு. அப்புறம்? அது அங்கேயே நிற்காது. ஒளி கிளப்பிய எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் ஜோடியாக ஒட்டிக்கொண்டு எக்ஸிட்டானாக இருக்கும். பிக்கோ வினாடிக் கணக்கில் கலைந்துவிடும். ஒரு பிக்கோ வினாடி என்றால் ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நினைவகம் என்று பெயர் வைக்க அது போதாது.

அதனால்தான் அடுக்குகளைக் கலந்து அடுக்குகிறார்கள். கிராஃபீன் இலகுவான கார்பன். ஸ்பின் அதில் கெடாமல் நெடுந்தூரம் ஓடும். 2007லேயே நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் அறை வெப்பநிலையில் ஒன்றிரண்டு மைக்ரான் தூரம் ஓடுவதை அளந்தார்கள். ஆனால் கிராஃபீன் ஒளியின் சுற்று திசையைக் கவனிக்காது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கவனிக்கும், ஆனால் பிடித்து வைக்காது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேலே ஒளியால் ஸ்பின்னை உருவாக்கி, கீழே கிராஃபீனுக்குள் இறக்கி, தள்ளி இருக்கும் காந்த முனையில் படிப்பதை 2017ல் இரண்டு குழுக்கள் செய்து காட்டின. இந்த இழையின் தலைப்புக்கு மிக அருகில் வரும் சாதனம் அதுதான்.

இன்னொரு வழி, இரண்டு வெவ்வேறு ஒற்றை அடுக்குகளை ஒட்டி எலக்ட்ரானை ஒன்றிலும் துளையை மற்றதிலும் பிரித்துவிடுவது. பிரிந்ததால் துளை நெடுநேரம் தன் பள்ளத்தாக்கை மறப்பதில்லை. 10 கெல்வின் பக்கம் மைக்ரோ வினாடி வரை. பத்து கெல்வின் என்றால் மைனஸ் 263 டிகிரி. வீடியோக்காரர்கள் இந்த எண்ணைச் சொல்வதேயில்லை.

11 ஜூன்

காந்தமே ஒற்றை அடுக்காக இருந்தால் என்ன என்று கருங்கல்காரர் ஒருவர் (பெங்களூரில் சில்லு வடிவமைப்பில் இருக்கிறாராம்) கேட்கிறார். அதைத்தான் நான் உரித்தேன்.

இரு பரிமாணத்தில் காந்த ஒழுங்கு வெப்ப அலைச்சலில் சிதறிவிடும் என்று 1966ல் மெர்மினும் வாக்னரும் நிறுவியிருந்தார்கள். அது எல்லாத் திசையும் சமமான காந்தங்களுக்கு. ஒரு திசையை மட்டும் விரும்பும் காந்தத்துக்கு அந்தத் தடை இல்லை. 2017ல் குரோமியம் ட்ரைஅயோடைடு ஒற்றை அடுக்காகவும் 45 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக, அதாவது ஸ்பின்கள் ஒரே பக்கம் பார்க்கும் காந்தமாக, இருப்பதைக் கண்டார்கள். கண்டதும் ஒளியால்தான்: காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கும், 1877ல் ஜான் கெர் கண்ட விளைவு. அடுத்த வருடமே நான்கு அடுக்கு குரோமியம் ட்ரைஅயோடைடு வழியாக எலக்ட்ரான்களைக் கடக்கவிட்டு 19,000 விழுக்காடு மின்தடை மாற்றம் காட்டினார்கள். ஹார்டு டிஸ்க் தலைக்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடும் எண்.

சரி, கையில் வைத்தால் எப்படி இருக்கும்? காற்றுப் படக் கூடாது. ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் கையை நுழைத்து, தடித்த ரப்பர் கையுறையோடு டேப்பை மடித்து மடித்துப் பிரிக்க வேண்டும். மூக்கு அரித்தால் விதி. ஆக்சைடு பூசிய சிலிக்கான் தட்டில் அழுத்தி, நுண்ணோக்கியில் ஊதா நிறப் பின்னணியில் கொஞ்சமே வெளிறிய துண்டைத் தேட வேண்டும். நாள் பூராவும் தேடி ஒன்றும் கிடைக்காத நாட்கள்தான் அதிகம். கிடைத்ததும் மேலும் கீழும் போரான் நைட்ரைடு என்ற இன்னொரு உரிபடும் படிகத்தின் மெல்லிய துண்டை வைத்து மூட வேண்டும். உலகத்தில் நல்ல போரான் நைட்ரைடு படிகம் என்றால் ஜப்பானின் சுகுபாவில் வதனபேயும் தனிகுச்சியும் வளர்ப்பதுதான். ஊர் ஊராக ஆய்வகங்கள் அவர்களிடம்தான் கேட்டு நிற்கும்.

ஒருமுறை மூடியில் எங்கோ சின்னக் கசிவு. மாலையில் கூர்மையான ஓரத்தோடு இருந்த துண்டு, மறுநாள் நுண்ணோக்கியில் பழுப்புத் திவலைகளாக இருந்தது. ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிட்டது. அதுவும் சும்மா இல்லை: ஒளி பட்டால் இந்தச் சிதைவு வேகமாகும் என்று 2018ல் ஒரு குழு அளந்து எழுதியது. ஒளியால் இயக்க வேண்டிய காந்தம், ஒளி பட்டால் அழியும் காந்தம். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் நுண்ணோக்கி விளக்கை வெறுத்தேன்.

இப்போது இங்கே இடவப்பாதி மழை. உப்பு டப்பாவில் உப்பு கரைந்து நிற்கிறது, வடகிழக்குப் பருவமழை வேறு அக்டோபரில் காத்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து அந்தப் பொருளை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

11 ஜூன், ராத்திரி

மேலே நான் ரொம்ப அழுதுவிட்ட மாதிரி இருக்கிறது. குரோமியம் சல்ஃபைடு புரோமைடு என்று ஒன்று உண்டு: காற்றில் தாங்கும், 132 கெல்வின் வரை காந்த ஒழுங்கு இருக்கும், அதன் எக்ஸிட்டான் ஒளியும் காந்த நிலையும் கைகோத்திருக்கும். 2022ல் வந்த இரும்பு–காலியம்–டெல்லூரியம் சேர்மம் அறை வெப்பநிலையைத் தாண்டியும், சுமார் 350 கெல்வின் வரை, ஃபெர்ரோ காந்தம். குளிர் என்பது நிரந்தரச் சாபம் இல்லை.

14 ஜூன்

கணக்குப் போடுவோம். இதற்குத்தான் இவ்வளவு நேரம்.

ஒரு பிட்டை அழிக்க இயற்கை கேட்கும் குறைந்தபட்ச ஆற்றலை 1961ல் லாண்டவர் சொன்னார். அறை வெப்பநிலையில் சுமார் 3×10⁻²¹ ஜூல். மாலிப்டினம் டைசல்ஃபைடு விழுங்கும் சிவப்பு ஒளியின், அதாவது 670 நானோமீட்டர் பக்கம், ஒரே ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 3×10⁻¹⁹ ஜூல். அதாவது ஒரு ஃபோட்டானே அந்த எல்லையைப் போல 100 மடங்கு. இது மோசமில்லை, இன்றைய எம்ரேமில் ஒரு பிட் எழுத இதைவிட லட்சக்கணக்கான மடங்கு செலவாகிறது. ஒரு ஃபோட்டான் ஒரு பிட்டைத் திருப்பினால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

திருப்பாது. ஒற்றை அடுக்கு மிக மெல்லியது என்பதால் ஒளியில் பெரும்பங்கு அப்படியே கடந்து போய்விடும். கிராஃபீன் 2.3 விழுக்காடுதான் விழுங்கும். மாலிப்டினம் டைசல்ஃபைடு தனக்குப் பிடித்த நிறத்தில் பத்து விழுக்காடு வரை. விழுங்கியதிலும் பாதி ஸ்பின்னை மறக்கும். லேசரே தான் வாங்கும் கரண்டை முழுதாக ஒளியாக்காது. சின்னச் சின்ன எண்களால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

அப்புறம் குளிர்விப்பான். மூடிய சுற்று ஹீலியம் கம்ப்ரஸர் ஒன்று ஓட சில கிலோவாட் வேண்டும். நாங்கள் ஒரு மிகச் சிறிய துண்டில் "குறைந்த மின்சார" ஸ்பின்னை அளக்க, பக்கத்து அறையில் அந்த இயந்திரம் இரவு பகலாக உறுமும். ஒருநாள் நடு ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், குளிரெல்லாம் ஏறிவிட்டது. துண்டு மூடியிருந்ததால் பிழைத்தது, அளவுகள் போச்சு. அந்த இடத்தில் எழுதிய கட்டுரைகளில் ஆற்றல் கணக்கு துண்டோடு நின்றுவிடும், கம்ப்ரஸரை யாரும் சேர்ப்பதில்லை.

15 ஜூன்

யோசித்துப் பார்த்தால் கம்ப்ரஸரைக் கணக்கில் சேர்ப்பது பாதி நியாயம்தான். அது ஆய்வுக்கான கருவி. அறை வெப்பநிலைப் பொருள் வந்தால் போய்விடும். போகாத சிக்கல் வேறு: ஒளிப்புள்ளியின் அளவு.

சாதாரண வில்லையால் சிவப்பு ஒளியை எவ்வளவு குவித்தாலும் அரை மைக்ரான் பக்கம் நின்றுவிடும். நினைவகச் செல்களை 50 நானோமீட்டர் இடைவெளியில் வைத்தால் அந்தப் புள்ளிக்குள் 100 செல் அடங்கும். ஒன்றைத் திருப்பப் போய் நூறும் திரும்பும். எவ்வளவு குளிர்வித்தாலும் அலைநீளம் சுருங்காது. குறைந்த மின்சாரம் என்ற பேச்சை நான் சந்தேகிப்பது இனி இந்தக் காரணத்துக்காக.

15 ஜூன், இரவு

கருங்கல்காரர் உடனே பிடித்துக்கொண்டார்: "சீகேட் ஹார்டு டிஸ்கில் லேசரைத் தங்க ஆன்டெனா வழியாகச் சில பத்து நானோமீட்டருக்கு நெருக்கி எழுதுகிறார்களே, 30 டெராபைட் டிஸ்க் 2024லேயே அறிவிச்சாச்சே."

சரிதான். அங்கே லேசரின் வேலை சூடாக்குவது. சூடான புள்ளியைப் பக்கத்தில் உள்ள காந்தத்தலை திருப்புகிறது. டிஸ்க் சுழல்வதால் ஒரு ஆன்டெனா பரப்பு முழுவதையும் மேய்ந்துவிடும். அசையாத சில்லில் செல்லுக்கு ஒரு ஆன்டெனா வேண்டும். இன்னொன்று, சூட்டுக்குச் சுற்று திசை தேவையில்லை. நமக்கு அதுதான் எல்லாம். அவ்வளவு நெருக்கிய ஒளியில் வலம், இடம் சுத்தமாக நிற்பது கடினம். ஆனாலும் நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன்.

லேசரும் காந்தமும் சேர்ந்து எழுதுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. வளைகுடாவில் இருந்து வந்த மாமாக்கள் கொண்டுவந்த சோனி மினிடிஸ்க் ஞாபகம் இருக்கிறதா? 1992ல் வந்தது. பதிவுசெய்யும் டிஸ்கில் கீழே லேசர் சூடாக்க, மேலே காந்தத்தலை எழுதும். படிப்பது கெர் விளைவால். எங்கள் தெருவில் அதில் பாட்டு பதிந்ததைவிட அதைக் காட்டிப் பெருமைப்பட்டதுதான் அதிகம்.

17 ஜூன்

சூடு என்று வந்ததால் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். காந்தமே வைக்காமல், வெறும் வட்ட முனைவாக்க லேசர் துடிப்பால் காந்தத் திசையைத் திருப்பிக் காட்டியது 2007ல், நெதர்லாந்தின் நைமேகனில். பொருள் கடோலினியம்–இரும்பு–கோபால்ட், துடிப்பு 40 ஃபெம்டோ வினாடி (ஒரு பிக்கோ வினாடியில் ஆயிரம் ஃபெம்டோ வினாடி). எல்லோரும் ஒளியின் சுழற்சிதான் காந்தத்தைத் திருப்பியது என்றார்கள். 2012ல் அதே வகைப் பொருளில் சுழற்சியே இல்லாத துடிப்பும், வெறும் திடீர்ச் சூட்டால், திருப்பிவிடும் என்று தெரிந்தது. இரண்டு வகை அணுக்களும் வேறுவேறு வேகத்தில் காந்தத்தை இழப்பதால் வரும் வேடிக்கை அது.

2022ல் குரோமியம் ட்ரைஅயோடைடின் மெல்லிய அடுக்குகளை வட்ட முனைவாக்க ஒளியால் மட்டும் திருப்பினார்கள். சுற்று திசையை மாற்றினால் காந்தத் திசையும் மாறியது. குளிரில்தான். இதை வெறும் சூடு என்று எளிதில் ஒதுக்க முடியாது, சூடு தானாக வலம் இடம் பார்க்காது. இந்த ஒரு சோதனை என் சந்தேகத்தைக் கொஞ்சம் ஆட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

18 ஜூன்

மண்டைக்காட்டு வாசகர்: "மணவாளக்குறிச்சி கறுப்பு மணலில் காந்தம் வைத்தால் ஒட்டுகிறதே, அதிலிருந்து செய்ய முடியாதா?"

இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட், இரும்பு–டைட்டானியம் ஆக்சைடு. அங்கே உள்ள ஐ.ஆர்.இ.எல். ஆலையில் காந்தத்தால்தான் அதை ரூட்டைல், சிர்க்கான் மணிகளில் இருந்து பிரிக்கிறார்கள். அதோடு தோரியம் கொண்ட மோனசைட்டும் வரும். 2018ல் புலிக்கல் அஜயன் குழு இயற்கை இல்மனைட்டைத் திரவத்தில் போட்டு ஒலி அலையால் உதறி, மெல்லிய இரு பரிமாணத் தாள்களாகப் பிரித்தது. 'இல்மனீன்' என்று பெயர் வைத்தார்கள். அடுக்கு அடுக்காக இல்லாத, எல்லாப் பக்கமும் இறுகப் பிணைந்த கனிமத்தையும் உரிக்கலாம் என்பதுதான் அதில் ஆச்சரியம்.

ஆனால் காந்தத்தில் ஒட்டுவது வேறு, திசையை ஞாபகம் வைப்பது வேறு. தூய இல்மனைட்டில் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வருவது 55 கெல்வின் பக்கம்தான், அப்போதும் எதிரெதிராக. அறை வெப்பநிலையில் காந்தத்தைக் காட்டும்வரை இழுபடும், எடுத்ததும் மறந்துவிடும். அதில் பிட் எழுத முடியாது. மணலைத் தனியாக அள்ளிக்கொண்டு வீட்டுக்கும் போகாதீர்கள், சட்டம் இருக்கிறது.

21 ஜூன்

இதெல்லாம் எதற்கும் உதவாதா என்று கோபமாக ஒரு கேள்வி. உதவும். நான் பந்தயம் கட்டுவது நினைவகத்தில் இல்லை, தகவல் ஒளியாகவே வந்து சேரும் இடத்தில்.

சர்வர் கட்டடங்களுக்குள் தகவல் கண்ணாடி இழையில் ஒளியாக ஓடுகிறது. இன்று ஒளியைக் கூட்டிக் குறைத்துத்தான் ஒன்று, சுழி அனுப்புகிறோம். அதற்குப் பதில் வெளிச்சத்தை அப்படியே வைத்து வலம், இடம் என்று சுற்று திசையை மட்டும் மாற்றினால்? 2019ல் ஸ்பின் லேசர் ஒன்றில் இதை 200 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் செய்ய முடியும் என்று காட்டினார்கள், வழக்கமான லேசரைவிடக் குறைந்த ஆற்றலில். அது காலியம் ஆர்சனைடு குடும்பம், இரு பரிமாணப் பொருள் இல்லை. ஆனால் அப்படி வரும் ஒளியை மறுமுனையில் வாங்கி, வலமா இடமா என்று பார்த்து நேரே ஸ்பின்னாக மாற்ற, இந்த ஒற்றை அடுக்குகளைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. புள்ளி அரை மைக்ரான் ஆனாலும் பரவாயில்லை. கண்ணாடி இழையின் உள்ளகமே அதைவிடப் பெரிது. பிக்கோ வினாடியில் மறந்தாலும் பரவாயில்லை. படிக்க அவ்வளவு நேரம் போதும், சீக்கிரம் மறந்தால் அடுத்த பிட்டுக்கு இடம் ஆச்சு. நினைவகத்துக்குக் குறையாக இருந்ததெல்லாம் இங்கே குறையில்லை.

எம்ரேம் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கருங்கல்காரர் ஏற்கெனவே "அறை வெப்பத்தில் பள்ளத்தாக்குத் தேர்வே மங்கிவிடுமே" என்று எழுதிவிட்டார். மங்கும், ஆமாம். அடுக்கைத் தாங்கும் பொருள், சுத்தம், மின்னூட்டம் இவற்றைப் பொறுத்து எவ்வளவு மங்கும் என்பதுதான் இப்போது ஆட்கள் மல்லுக்கட்டும் இடம்.

24 ஜூன்

மாணவிக்கு: புராஜெக்ட் தலைப்பு கேட்டாய். உன் கல்லூரியில் கையுறைப் பெட்டி இல்லை, ஹீலியம் இல்லை, அது தெரிந்ததுதான். இருப்பதை வைத்துச் செய். சிவப்பு லேசர், இரண்டு முனைவாக்கத் தட்டு, ஒரு கால் அலைத் தட்டு, ஒளி உணர்வி. முதலில் வட்ட முனைவாக்கத்தை நீயே உருவாக்கி, அது எவ்வளவு சுத்தம் என்று அளந்து காட்டு. பாதிப் பேர் இங்கேயே கோட்டை விடுவார்கள். அப்புறம் ஒரு பழைய மினிடிஸ்க் கிடைத்தால் அதன் பரப்பில் கெர் திருப்பத்தைத் தேடு. ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் வரும், ஒளியை விட்டுவிட்டு வரச்செய்து அந்தத் துடிப்போடு பொருந்தும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான பெருக்கி உங்கள் துறையில் எங்காவது தூசி படிந்து கிடக்கும், கேட்டுப் பார்.

தலைப்பில் "குறைந்த மின்சாரம்" என்று போடாதே. போட்டால் வைவாவில் கம்ப்ரஸரைப் பற்றி நானே வந்து கேட்பேன்.